சாம்பல்தீவுக் காடைக் கொட்டிலில் குடற்புண் நோய்: ஒரு நிகழ்வு ஆய்வு

கொழுத்த காடைகள்தான் முதலில் செத்தன. முந்தின பின்னேரம் தீன்தொட்டியில் முண்டியடித்துத் தின்றவை விடியப் பார்த்தால் கூளத்தில் கால் நீட்டிக் கிடந்தன. மெலிவு இல்லை, சோர்வு இல்லை, ஒருநாள்கூட ஒதுங்கி நின்றதாகத் தெரியவில்லை. பாம்பு என்றார் ஒருவர். தீனில் நஞ்சு என்றார் இன்னொருவர். பக்கத்து வளவில் கத்தரிக்கு அடித்த பூச்சிமருந்து காற்றில் வந்திருக்கும் என்று மூன்றாவது கதையும் கிளம்பியது.

இடம், திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி வீதியில் போனால் வரும் சாம்பல்தீவு. காலம், மார்கழி மழை. நான் கால்நடைத் துறையில் வெளிக்கள வேலை பார்த்து ஓய்வுபெற்றவன், வைத்தியர் அல்ல. நோயைக் கண்டுபிடித்ததும் மருந்து எழுதியதும் அரச மிருக வைத்தியர். கொட்டிலைப் பார்த்ததும், கேள்வி கேட்டதும், பிறகு என்ன நடந்தது என்று விடாமல் கவனித்ததும்தான் என் பங்கு. இதை எழுத நினைத்ததற்குக் காரணம், மருந்து வேலை செய்த பிறகுதான் சிக்கலே தொடங்கியது. காடை வளர்க்கும் பலர், சாவு நின்றவுடன் நோய் போய்விட்டது என்று எண்ணி அந்த இடத்தில் கையை விட்டுவிடுகிறார்கள்.

கூடும் கொட்டிலும்

வளர்ப்பவர் முப்பது வயது மதிக்கத்தக்க பெண். கணவருக்குக் கடற்றொழில். வாடைக் காலத்தில் படகு இறக்க முடியாத நாட்கள் அதிகம். அந்த மாதங்களில் வீட்டுச் செலவை இழுத்துக்கொண்டு போவது காடை முட்டைதான். சுற்றுலாக் காலத்தில் உப்புவெளிப் பக்கத்து விடுதிகளுக்கும், மழைக்காலத்தில் நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் முட்டை போகும்.

காடையை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் கணக்கு இருந்தது. பதினேழு, பதினெட்டு நாளில் குஞ்சு பொரிக்கும். ஆறு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். ஒரு பறவை நாளைக்கு 20 முதல் 25 கிராம் தீன்தான் தின்னும். சின்ன வளவுக்கு இதைவிடப் பொருத்தமான பறவை இல்லை என்பது என் எண்ணமும்கூட. ஆனால் இவ்வளவு வேகமாக வளரும் பறவையை இவ்வளவு நெருக்கமாக வைத்தால் நோயும் அதே வேகத்தில் ஓடும்.

இருநூறுக்குச் சற்றுக் குறைவான பறவைகள் இரண்டு இடங்களில் இருந்தன. முட்டையிடும் பேடுகள் வீட்டுத் தாழ்வாரத்தில், மூன்று தட்டுக் கம்பிவலைக் கூட்டில். எச்சம் வலை வழியே கீழே தட்டில் விழுந்துவிடும். பறவையின் கால் அதில் படாது. வளரும் பறவைகளும் மேலதிகச் சேவல்களும் பின்வளவில் இருந்த கிடுகுக் கொட்டிலில், உமிக் கூளத்தின் மேல். கொட்டிலின் தரை சீமெந்து, ஆனால் நிறைய வெடிப்பு. கூரையின் ஒரு மூலை ஒழுகியதால் அந்தப் பக்கத்து உமி கட்டிப்பட்டுப் புளித்த மணம் அடித்தது. இலையான் மொய்த்தது. மழை விட்டால் மாற்றலாம் என்று விட்டிருந்தார். சாம்பல்தீவில் மார்கழி மழை விட்டால் என்பது தை பிறந்தால் என்பதற்குச் சமம்.

வளவில் ஐந்தாறு ஊர்க்கோழிகளும் திரிந்தன. இவை இந்தக் கதையில் சாட்சிகளாக வருவார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு, அதுதான் முக்கியம். மழை தொடங்கிய கையோடு, வீடு வீடாக வந்து பறவை விற்கும் ஒருவரிடம் நாற்பது வரையான அரைவாசி வளர்ந்த காடைகளை வாங்கியிருந்தார். விலை மலிவு. பார்வைக்கும் நல்ல பறவைகள். வந்த அன்றே கொட்டிலில் கலந்துவிட்டார்கள்.

நோய் ஓடிய விதம்

புதுப் பறவைகள் வந்து ஒரு வாரம் கழிந்து, இரண்டாவது வாரத்துக்குள் சாவு தொடங்கியது. முதல் நாள் இரண்டு. அடுத்த நாள் கொஞ்சம் கூட. பிறகு ஒரு விடியலில் ஒன்பது. அன்றைக்குத்தான் எனக்குத் தொலைபேசி வந்தது.

“மாமா, நேற்று நல்லாத் திண்டதுகள். விடிய எழும்பிப் பார்க்க ஒன்பது செத்துக் கிடக்கு. கழுத்தடியைத் தடவிப் பார்த்தா தீன் நிறையக் கிடக்கு.”

கழுத்தடித் தீன்பையைத் தடவிப் பார்க்க அவருக்குத் தோன்றியதே, அங்கேயே பாதி வேலை முடிந்துவிட்டது. பட்டினி கிடந்து, சோர்ந்து சாகும் பறவையில் அந்தப் பை காலியாக இருக்கும். நிறைந்திருந்தால் நோய் அவ்வளவு விரைவாக அடித்திருக்கிறது என்று அர்த்தம்.

நான் போய்ச் சேர்ந்தபோது வேறொரு வகைப் பறவைகளும் கண்ணில் பட்டன. முதுகைக் கூனி, இறகை உப்பி, கண்ணைப் பாதி மூடி ஒதுங்கி நின்றவை. அவற்றின் எச்சம் வெள்ளையாக, தண்ணியாக இருந்தது. தூக்கிப் பார்த்தால் நெஞ்செலும்பு கத்தி முனை போலக் கைக்குத் தட்டுப்பட்டது. உடனே சாகிறவை கொழுத்தவை, இழுபட்டுச் சாகிறவை எலும்பும் தோலும். ஒரே நோய்க்கு இரண்டு முகம் இருக்கலாம் என்று தோன்றாவிட்டால், இரண்டு நோய் வந்துவிட்டதென்று பயந்து இரண்டு மருந்து கொடுக்கத் தொடங்குவோம்.

வெள்ளை எச்சம் பற்றி இடையில் ஒன்று. கூட்டில் வெள்ளை நுரை உருண்டை கிடந்ததைக் காட்டி, இதுவும் கழிச்சல்தானே என்று வீட்டு மாமி கேட்டார். அது கழிச்சல் இல்லை. முட்டையிடும் பருவத்துக் காடைச் சேவலுக்குக் கழிவாய்க்குப் பக்கத்தில் ஒரு சுரப்பி உண்டு. சவர்க்கார நுரை மாதிரி வெளியே தள்ளும். நுரை கண்டால் சேவல் நல்ல நிலையில் இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். குருட்டுக்குடலிலிருந்து வரும் களிபோன்ற கபில எச்சமும் அப்படித்தான், நாற்றம் பயங்கரம், நோய் அல்ல. இந்த இரண்டையும் பார்த்துப் பயந்து மருந்து வாங்கிய வீடுகள் எனக்குத் தெரியும்.

மருந்து இங்கேயும் ஏற்கெனவே வந்திருந்தது. தீன் கடையில் கேட்டு வாங்கிய ஒரு பொடி, டெட்ராசைக்ளின் என்ற பக்றீரியாக்கொல்லி வகை. தண்ணீரில் கரைத்து இரண்டு நாள் வைத்திருக்கிறார்கள். சாவு குறையவில்லை. டெட்ராசைக்ளின் கல்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் குடலில் உறிஞ்சப்படாது. முட்டைக்கோழித் தீனில் ஓட்டுக்காகவே கல்சியம் அள்ளிப் போடப்பட்டிருக்கும். கொட்டில் பறவைகளுக்கும் அதே தீனைத்தான் போட்டிருந்தார்கள். கிணறோ கரையோரக் கிணறு, தண்ணீர் கொஞ்சம் சவர். ஒரு சிட்டிகை இவ்வளவு தண்ணீருக்கு என்ற அளவும் இல்லை. ஆக மருந்து கொடுத்த மாதிரியும் இருந்தது, கொடுக்காத மாதிரியும் இருந்தது.

யார் சாகவில்லை என்ற கேள்வி

நோய் வந்த கூட்டத்தில் எல்லாரும் செத்ததையே பார்ப்பார்கள். நான் கேட்கப் பழகியது மறுபக்கக் கேள்வி: எது சாகவில்லை?

கம்பிக் கூட்டுப் பேடுகள் சாகவில்லை. அதே தீன், அதே கிணற்றுத் தண்ணீர், அதே காற்று. தீனில் நஞ்சென்றால் அவையும் விழுந்திருக்க வேண்டும். பூச்சிமருந்து காற்றில் வந்ததென்றால் தாழ்வாரத்தை மட்டும் விட்டுவிட்டுக் கொட்டிலுக்குப் போயிருக்காது. இரண்டு இடத்துக்கும் உள்ள ஒரே வித்தியாசம், கொட்டில் பறவைகள் தங்கள் எச்சத்தின் மேலேயே நின்று அதையே கொத்தித் தின்றன. கூட்டுப் பறவைகள் அப்படிச் செய்ய வழியில்லை.

ஊர்க்கோழிகளும் சாகவில்லை. ராணிக்கெட் என்ற வைரசு நோய் வந்திருந்தால் தடுப்பூசி கண்டிராத ஊர்க்கோழிகள்தான் முதலில் கழுத்தைத் திருகிக்கொண்டு விழும். காடை அந்த வைரசை ஓரளவு தாங்கும், வெளியே காட்டாமல் பரப்பவும் செய்யும். இங்கே தலைகீழ். இருமல், மூக்கொழுகல், முகவீக்கம், கழுத்துத் திருகல் ஒன்றும் இல்லை.

மூன்றாவது விடையைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. புதிதாக வந்த நாற்பதில் செத்தவை மிகக் குறைவு. காலில் நூல் கட்டி அடையாளம் வைத்திருந்ததால் எண்ணிப் பார்க்க முடிந்தது. செத்தவற்றில் பெரும்பாலானவை வீட்டுப் பறவைகள். வந்தவை நலமாக இருக்க இருந்தவை சாகின்றன என்றால், வந்தவை அந்த நோயை முன்பே கண்டு தப்பியவையாக இருக்கலாம். தப்பிய பறவையின் உடம்பில் எதிர்ப்பும் இருக்கும், எச்சத்தில் கிருமியும் போகும். இது நிரூபணம் அல்ல, விற்றவரின் பெட்டியிலிருந்தோ சப்பாத்திலிருந்தோ வந்திருக்கவும் கூடும். ஆனால் திசை தெரிந்துவிட்டது.

திடீரென்று பறவைகள் கூட்டமாகச் செத்தால் யாரும் முதலில் நினைக்க வேண்டியது பறவைக்காய்ச்சலை. அதனால் பறவை எதுவும் வளவைவிட்டு வெளியே போகக்கூடாது, பிள்ளைகள் கொட்டில் பக்கம் போகக்கூடாது, செத்ததைத் தொடுகிறவர் கையுறையும் முகமூடியும் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு, மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்தோம். 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க மிருக நோய்கள் சட்டம் என்று ஒன்று இருப்பது வளவில் காடை வளர்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை. அறிவித்தால் எல்லாவற்றையும் கொன்றுவிடுவார்கள் என்ற பயம்தான் தெரியும். இந்த வீட்டிலும் அந்தப் பயம் இருந்தது; கணவர் இரண்டு தரம் கேட்டார்.

வெட்டிப் பார்த்ததில்

அன்று விடிய செத்தவற்றில் மூன்றையும், கூனி நின்றவற்றில் இரண்டை உயிரோடும் கொண்டு போனோம். செத்தவை சொப்பிங் பேக்கில் இரட்டையாகக் கட்டி, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் வைத்து. ஐஸ்தான், ஃப்ரீசர் அல்ல. உறைந்த குடலில் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. காடை சின்னப் பறவை, எங்கள் வெக்கையில் சில மணிநேரத்தில் குடல் அழுகிவிடும். நேற்றுச் செத்ததை இன்று பின்னேரம் கொண்டு போய்க் கொடுத்துவிட்டு, “டொக்டர் ஒண்டும் சொல்லேல்லை” என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

வைத்தியர் வயிற்றைத் திறந்தார். குடலைத் திறக்க முதலே, அதன் வெளிச்சுவரில் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. சிறுகுடலின் கீழ்ப்பகுதியிலும் இரண்டு குருட்டுக்குடல்களிலும் அவை நெருக்கமாக இருந்தன. உள்ளே திறந்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு புண்: விளிம்பு தடித்து, நடு குழிந்து, சட்டைப் பொத்தான் அளவுக்கும் குறைவாக. இழுபட்டு மெலிந்த பறவையில் புண்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, மேலே மஞ்சள் படலம் படிந்திருந்தது. ஒன்றில் குடல் ஓட்டையாகி வயிற்றறை முழுதும் சீழ். ஈரலில் வெளிறிய மஞ்சள் திட்டுக்கள். மண்ணீரல் வீங்கிக் கருத்திருந்தது.

குடற்புண் நோய். காடை நோய் என்றே இதற்கு இன்னொரு பெயர் உண்டு. 1907 இல் அமெரிக்காவில் பொப்வைற் காடைகளில் முதலில் விவரிக்கப்பட்டது. அந்த இனம்தான் இதற்கு மிக இலகுவில் பலியாகும், இளம் பறவைகள் கூட்டத்தோடு அழிவதும் உண்டு. நாங்கள் வளர்க்கும் யப்பானியக் காடை கொஞ்சம் தாங்கும், ஆனால் தப்பாது. கோழிக்கும் வரும், பெரும்பாலும் வேறொரு நோய் குடலைப் பழுதாக்கிய பிறகு. காரணம் குளோஸ்ரீடியம் கொலைனம் என்ற பக்றீரியா. ஒட்சிசன் இல்லாத இடத்தில் வளர்வதால் சாதாரண ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுப்பது கடினம்; அதனால் உலகம் முழுதுமே பெரும்பாலும் புண்ணைப் பார்த்துத்தான் முடிவு சொல்கிறார்கள். எங்கள் வைத்தியர் ஈரலின் வெட்டுமுகத்தைக் கண்ணாடித் தட்டில் ஒற்றி, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் கோல் வடிவக் கிருமிகளைப் பார்த்துத் தன் முடிவைப் பலப்படுத்திக்கொண்டார்.

அவர் அதோடு நிற்கவில்லை. குடற்சுவரைச் சுரண்டி இன்னொரு தட்டில் பார்த்ததில் கொக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியின் முட்டைகளும் இருந்தன, நிறைய இல்லை, ஆனால் இருந்தன. ஈரக் கூளம் இருக்கும் இடத்தில் கொக்சிடியா இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். கொக்சிடியா குடலின் உட்தோலைக் கிழித்து வைக்கும், இந்தப் பக்றீரியா அந்தக் கிழிசலில் குடியேறும். இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு கிருமி கொண்டுவரும் குடலழுகல் நோயையும் விலக்க வேண்டியிருந்தது. அதில் சேதம் சிறுகுடலின் மேற்பகுதியிலும் நடுவிலும், பழந்துவாய் விரித்த மாதிரிப் பரந்து இருக்கும். இப்படித் தனித்தனிப் பொத்தானாக இராது, ஈரலும் மண்ணீரலும் இந்தளவு மாறாது.

மனிதருக்கு இந்த நோய் தொற்றுவதாக அறியப்படவில்லை என்று வைத்தியர் சொன்னதும், மாமியின் முகம் அன்றைக்கு முதல் தரம் தெளிந்தது.

மருந்து

புத்தகங்களில் பசிட்ராசின் என்ற மருந்து முன்னுக்கு நிற்கும். கையில் கிடைத்ததையும் பறவையின் நிலையையும் பார்த்து வைத்தியர் எழுதியது பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்த, தண்ணீரில் கரையும் மருந்து. அளவை நான் இங்கே எழுதப் போவதில்லை. மருந்துப் பெட்டியில் இருப்பது கோழிக்கான அளவு. காடைக்கு வைத்தியர்தான் கணக்கிட வேண்டும்.

எழுத வேண்டியது கொடுத்த முறையை. காடை ஒன்று நாளைக்கு ஏறக்குறைய 40, 50 மில்லிலீற்றர் தண்ணீர் குடிக்கும். மருந்தை அன்றைக்குக் குடிக்கும் தண்ணீருக்குள் மட்டும் கலக்க வேண்டும், வாளி நிறையக் கலந்து நாளைக்கும் வைக்கக்கூடாது; இந்த வகை மருந்து கரைந்த சில மணிநேரத்திலேயே வலுக் குறையத் தொடங்கும். காலையும் பின்னேரமும் புதிதாகக் கலந்தார்கள். பக்கத்தில் வேறு தண்ணீர் வைக்கவில்லை. மழை ஒழுக்கிலிருந்து வடியும் தண்ணீரையும் மறிக்க வேண்டியிருந்தது, ஏனெனில் காடை அதைத்தான் முதலில் தேடிப் போகும்.

கூனி நிற்கும் பறவை தண்ணீரும் குடிக்காது. ஆகவே தண்ணீர் மருந்து நோயாளியைவிட இன்னும் நோய் காணாததையே காப்பாற்றுகிறது. இதை முன்கூட்டிச் சொல்லி வைத்ததால், மருந்து தொடங்கிய பிறகும் இரண்டு மூன்று நாள் சாவு வந்தபோது வளர்த்தவர் மருந்தை மாற்ற ஓடவில்லை. மூன்றாம் நாள் குறைந்தது. ஐந்தாம் நாளுக்குப் பிறகு புதிதாக ஒன்றும் விழவில்லை. அதற்குள் கொட்டிலில் பாதிக்குக் கிட்டப் போய்விட்டது. கம்பிக் கூட்டிலும் கடைசியில் ஒருசில செத்தன, எல்லாம் அடித்தட்டில். இலையான் கொண்டு போயிருக்கலாம்; கொட்டிலைக் கூட்டிய அதே தும்புத்தடியால் தாழ்வாரத்தையும் கூட்டியதால் இருக்கலாம். மேல் இரண்டு தட்டும் கடைசிவரை தப்பின.

மருந்து கொடுத்த நாட்களிலும் வைத்தியர் சொன்ன விலக்கு நாட்கள் (மருந்து பறவையின் உடம்பைவிட்டு நீங்கக் காத்திருக்கும் நாட்கள்) முடியும்வரையும் முட்டை கடைக்குப் போகவில்லை. அந்த வீட்டுக்கு அது பெரிய அடி. கணவரின் தம்பி வேறு யோசனை வைத்திருந்தார்: கூனி நிற்பதை எல்லாம் சாகமுதல் அறுத்து, உரித்து விற்றுவிட்டால் என்ன? கூனி நிற்கும் பறவையில் சதையே இல்லை என்று அவர் கையில் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தேன். பேச்சு அதோடு நின்றது. நியாயம் பேசியிருந்தால் நின்றிருக்குமோ தெரியாது.

பிணமும் கூளமும்

புதைத்துச் சுண்ணாம்பு போடுங்கள் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். மார்கழியில் சாம்பல்தீவில் மண்வெட்டியால் இரண்டு அடி இறக்கினால் தண்ணீர் ஊறும். கிணறு இருபது எட்டுத் தூரத்தில். இந்த மணலில் இந்த மழையில் புதைப்பது கிணற்றுக்குள் போடுவதற்குச் சமம் என்று தோன்றியதால், பாதியாக வெட்டிய இரும்புப் பரலில் பொச்சுமட்டையும் காய்ந்த தென்னம்மட்டையும் அடுக்கி எரித்தோம். ஈரத்தில் தீப் பிடிக்கச் சிரமம். மட்டையை அடுப்படியில் வைத்து உலர்த்தித்தான் எடுத்தார்கள். எரிக்கும்வரை பிணத்தை மூடியுள்ள வாளியில் வைத்தோம். திறந்து வைத்தால் காகம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் நாலு வளவு தள்ளிப் போடும், மிச்சத்தை நாய் பார்த்துக்கொள்ளும்.

கூளம் விஷயத்தில் கொஞ்சம் சச்சரவு வந்தது. காடை எச்சம் கலந்த உமி கத்தரிக்கும் மிளகாய்க்கும் நல்ல பசளை. வழக்கமாக அதை எடுத்துப் போகும் உறவுக்காரர் இந்தமுறையும் உரப்பையோடு வந்தார். அவர் வீட்டிலும் காடை உண்டு. கொடுக்காவிட்டால் கோபிப்பார், கொடுத்தால் நோய் போகும். “அக்கா, உங்கட காடையும் செத்தா என்னைத்தானே பேசுவீங்க” என்று வளர்த்தவரே சொல்லித் திருப்பி அனுப்பினார். கூளம் மழை படாத மூலையில் குவிக்கப்பட்டு, காயக் காயப் பரலில் போனது.

மருந்துக்குப் பிறகு

சாவு நின்றது. கொட்டிலைக் கூட்டி, கிருமிநாசினி தெளித்து, சுண்ணாம்புத் தூள் தூவி, புது உமி போட்டு, மிஞ்சிய பறவைகளை அங்கேயே விட்டார்கள். மூன்று வாரம் எல்லாம் சுகம். பிறகு ஒரு விடியலில் மீண்டும் இரண்டு, தீன்பை நிறைந்தபடி.

இந்தக் கிருமி வித்தியாக, அதாவது தடித்த உறைக்குள் உறங்கும் வடிவமாக மாறிக் காத்திருக்கும். அந்த வித்தி 70 பாகை செல்சியசில் மூன்று மணிநேரம், 80 இல் ஒரு மணிநேரம், கொதிநீரின் வெப்பத்திலேயே மூன்று நிமிடம் தாங்கும் என்று ஆய்வுகூடத்தில் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் தெளிக்கும் கிருமிநாசினியும் ஒரு கேத்தல் சுடுதண்ணீரும் அதை ஒன்றும் செய்யாது. சீமெந்துத் தரையின் வெடிப்புக்குள் எச்சம் இறுகி இருந்தது. எச்சம் இருக்கும் இடத்தில் குளோரினும் அதோடு சண்டை பிடித்தே வலுவிழந்துவிடும். அதைவிட, மிஞ்சிய பறவைகளே உற்பத்தி நிலையங்கள். நோய் கண்டு பிழைத்த காடை நீண்ட காலம் கிருமியை எச்சத்தில் விடக்கூடியது. தரையை எவ்வளவு கழுவினாலும் மேலே நிற்கிறவர் தினமும் புதிதாகப் போட்டுக்கொண்டிருப்பார். மருந்தைத் தொடர்ந்து தீனில் சிறிதளவு கலந்து கொடுத்தால் சாவை அடக்கி வைத்திருக்கலாம். சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். அது மருந்துக்கு அசையாத கிருமியை வளர்க்கும் வழி. இந்த நோயின் கிருமியிலேயே ஸ்ரெப்டோமைசினுக்கு அடங்காதவை கண்டறியப்பட்டிருக்கின்றன.

வைத்தியரின் ஆலோசனை ஒரே வரி: கொட்டில் பறவை ஒன்றும் மிஞ்சக்கூடாது. எனக்கும் அதுதான் சரி. வளர்த்தவருக்கு மனம் வரவில்லை, வந்திருந்தால்தான் ஆச்சரியம். நல்ல உடம்புள்ள, இன்னும் சில நாளில் முட்டையிடப்போகும் பேடுகள் அதில் இருந்தன. அந்த நேரம் பார்த்து, மிஞ்சியதை உயிரோடு மொத்தமாக எடுக்கிறேன் என்று ஒருவர் நல்ல விலையும் சொல்லிவிட்டார். அவர் கைக்குப் போனால் அந்தப் பறவைகள் அடுத்த கிழமை கிண்ணியாவிலோ மூதூரிலோ யாரோ ஒருவரின் கொட்டிலுக்குள், நலமான பறவைகளாக, மலிவு விலையில் இறங்கும். தங்கள் வீட்டுக்கு வந்ததும் அப்படித்தான் என்று வளர்த்தவருக்கு விளங்கியிருந்தது. விற்கவில்லை. விலக்கு நாட்கள் கழியும்வரை காத்திருந்து, நலமாக இருந்தவற்றை வீட்டிலேயே அறுத்துக் கறிக்கு எடுத்தார்கள். உறவுக்காரருக்குப் போனதும் உரித்த இறைச்சிதான், உயிர்ப் பறவை அல்ல. குடலும் இறகும் பரலுக்குள்.

கம்பிக் கூட்டுப் பேடுகள் விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுத்தோம். அடித்தட்டைக் காலி செய்துவிட்டு, மேல் இரண்டு தட்டையும் முட்டை குறையும்வரை வைத்திருப்பது. அதுவரை ஒரு பறவைகூட உள்ளேயும் வரக்கூடாது, வெளியேயும் போகக்கூடாது. எச்சத் தட்டு தினமும் சுரண்டப்பட வேண்டும். நோயை முழுதாக வெளியேற்றும் வழி இதுவல்ல என்று வைத்தியர் சொன்னார், சரிதான். ஆனால் அந்த முட்டைப் பணம் இல்லாமல் அந்த வீட்டில் தை மாதம் ஓடாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் அழி என்று சொல்லிவிட்டு வந்திருந்தால், நாங்கள் வாசலைத் தாண்டியதும் அவர்கள் தங்கள் பாட்டில் ஏதாவது செய்திருப்பார்கள். பின்பற்றக்கூடிய அரைவாசித் திட்டம், பின்பற்றாத முழுத் திட்டத்தைவிடப் பாதுகாப்பு.

பழைய கொட்டில் பிரிக்கப்பட்டது. கிடுகு எரிந்தது. மழை ஓய்ந்த பிறகு தரையைச் சுரண்டி, கழுவி, வெடிப்புகளைச் சீமெந்தால் அடைத்து, சுண்ணாம்பு பூசி, வெயிலுக்கு விட்டார்கள். அந்தத் தரையில் இனிக் காடை விடுவதில்லை என்பது முடிவு. விறகும் வலையும் வைக்கப் பயன்படுகிறது. வளரும் பறவைகளுக்கும் இப்போது கம்பிவலைத் தரை, இடுப்பளவு உயரத்தில். செலவு கூடத்தான், கால் பெருவிரலளவு கண்ணுள்ள வலையை வாங்கினால் குஞ்சின் கால் மாட்டும் என்பதால் சிறிய கண் வலை தேட வேண்டியும் இருந்தது. கொட்டில் வேலைக்குத் தனிச் செருப்பு, தனித் தும்புத்தடி. வேலை செய்யும் வரிசை எப்போதும் குஞ்சிலிருந்து பெரியதுக்கு.

புதுப் பறவை உயிரோடு வாங்குவதில்லை. அடைமுட்டை வாங்கி வீட்டு இன்குபேற்றரில் வைக்கிறார். குடற்புண் நோய் முட்டைக்குள் போவதாக அறியப்படவில்லை. ஓட்டில் எச்சம் ஒட்டிய முட்டையை ஒதுக்கிவிட்டால் இந்த நோய்க்கு அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். ஆனால் வெள்ளைக்கழிச்சல் தரும் சல்மொனெல்லாவும், மூச்சு நோய் தரும் மைக்கோபிளாஸ்மாவும் முட்டைக்குள்ளேயே வரக்கூடியவை. அதனால் முட்டை வாங்கும் இடத்தில் அவர் இப்போது கேட்பது தாய்ப்பறவைகள் எப்படி இருக்கின்றன, குஞ்சுச் சாவு எவ்வளவு, முட்டை ஒரே கூட்டத்திலிருந்து வந்ததா பல இடத்தில் பொறுக்கியதா என்பவற்றை. ஒரு இடத்தில் பதில் பிடிக்காமல் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். முதல் அடையில் நடுவில் கரண்ட் போய்ப் பாதிதான் பொரித்தது. இரண்டாவதுக்கு ஒரு பற்றரி வாங்கியிருக்கிறார்கள்.